மூன்று நிமிட முற்றுகை

நுழையும்முன்

நாள்கணக்கில் நீண்ட சதுரங்க ஆட்டம் இன்று திறன்பேசியின் திரையில் நிமிடக்கணக்கில் முடிந்துவிடுகிறது. பாய்ந்து தாக்குவதையே இயல்பாகக் கொண்ட இளம் ஆட்டக்காரர் பலர் அக்களத்தில் நாள்தோறும் இறங்குகின்றனர். வேகமும் துணிவும் மட்டும் வெற்றி தருமா? தாக்குதல் ஒரு கலையாக மலர்வதற்கு எவை வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

களமும் கடிகாரமும்

சதுரங்கப் பலகையில் இரு படைகள் உண்டு. ஆனால் விரைவுச் சதுரங்கத்தில் பகைவர் இருவர். ஒருவர் எதிரே அமர்ந்திருப்பவர், மற்றொருவர் கடிகாரம். பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளின்படி, ஒருவர்க்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ வழங்கப்படும் ஆட்டம் ‘பிளிட்ஸ்’ எனப்படும் மின்னல் சதுரங்கம். பத்து நிமிடத்திற்கு மேலும் அறுபது நிமிடத்திற்குக் கீழும் அமைவது ‘ரேபிட்’ எனப்படும் விரைவுச் சதுரங்கம். உலக மின்னல் சதுரங்கப் போட்டியில் ஒருவர்க்கு மூன்று நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி கூடுதலும் வழங்கப்படுகின்றன. நகர்த்துந்தோறும் நொடிகளைக் கூட்டித்தரும் இக்கடிகார முறையை வகுத்தவர் அமெரிக்க வீரர் பாபி பிஷர். 1992ஆம் ஆண்டு போரிஸ் ஸ்பாஸ்கியுடன் அவர் ஆடிய ஆட்டத்தொடரில் அது பயன்படுத்தப்பட்டது.

இணையவழி ஆட்டத்தில் பலர் விரும்புவது கூடுதல் நொடியற்ற மூன்று நிமிட ஆட்டமே. மூன்று நிமிடம் என்பது நூற்று எண்பது நொடி. ஆட்டம் நாற்பது நகர்த்தல்வரை நீளுமாயின், ஒரு நகர்த்தலுக்குக் கிடைப்பது நான்கரை நொடி. அந்நான்கரை நொடிக்குள் எதிராளியின் நோக்கத்தை அறிய வேண்டும். தன் திட்டத்தை வகுக்க வேண்டும். விரலால் காயையும் நகர்த்த வேண்டும்.

இக்களத்தில் தாக்கி ஆடுபவர்க்குத் தொடக்கத்தில் வெற்றி எளிதில் வாய்க்கிறது. அரசியையும் மந்திரியையும் விரைந்து வெளிக்கொணர்ந்து நான்கே நகர்த்தலில் எதிரி அரசனை வீழ்த்தும் உத்தியைப் புதியவர் பலர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கின்றனர். அறியாத எதிராளி அதில் விழுகிறார், தரப்புள்ளி ஏறுகிறது. சில திங்கள் கழிந்தபின் ஏற்றம் நின்றுவிடுகிறது. அதே உத்தியை எதிர்கொள்ளக் கற்றவர்கள் இப்போது எதிரே இருக்கின்றனர். முன்னே பாய்ந்த அரசியை அவர்களுடைய குதிரைகள் விரட்டுகின்றன. விரட்டுந்தோறும் அவர்களது படை வளர்கிறது. தாக்கச் சென்றவரோ ஓடி ஒளிய இடம் தேடுகிறார்.

இந்நிலையில் இளம் ஆட்டக்காரர் இரண்டு தவறான முடிவுகளுள் ஒன்றை எடுக்கிறார். தாக்குதலே தவறென்று எண்ணித் தம் இயல்பை அடக்கி, அஞ்சி அஞ்சி ஆடத் தொடங்குவது ஒன்று. இன்னும் வேகமாகத் தாக்கினால் வெல்லலாம் எனக் கருதி இரவெல்லாம் ஆடித் தீர்ப்பது மற்றொன்று. முன்னது இயல்பைக் கெடுக்கிறது. பின்னது உறக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டும் ஆட்டத்தை வளர்ப்பதில்லை.

உழிஞையும் நொச்சியும்

பகைவர் மதிலை வளைத்தலை உழிஞை என்றும், தம் மதிலைக் காத்தலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனித் திணைகளாகப் பகுத்துரைக்கிறது. அதற்கு முந்தைய தொல்காப்பியம் நொச்சியைத் தனித்திணையாகக் கூறாது உழிஞையுள்ளேயே அடக்கிவிடுகிறது. முற்றுகையிடுபவனும் முற்றுகைக்குள் இருப்பவனும் ஒரே போரின் இரு பக்கங்கள் என்னும் பார்வை அதனுள் உள்ளது.

சதுரங்கத்தில் இப்பார்வை இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரே வேளையில் உழிஞை மறவராகவும் நொச்சி மறவராகவும் இருக்கிறார். எதிரி மதிலை இடிக்கச் சிப்பாய்களை முன்னே அனுப்பும்போது தம் மதிலில் விழும் ஓட்டையைக் காணாதவர் தோற்கிறார். இணையவழி விரைவாட்டத்தில் தாக்கி ஆடுபவர் இழக்கும் ஆட்டங்களைத் தொகுத்து நோக்கினால், தாக்குதல் வலுவற்றுப் போனதால் இழந்தவற்றைவிட, எதிராளியின் ஒற்றை நகர்த்தலைக் காணாததால் இழந்தவை அவர் எண்ணியதைவிட மிகுதியாக இருக்கக் காணலாம். தம் திட்டத்தின் அழகில் கண் மயங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

இதற்கு மருந்து எளியது. எதிராளி நகர்த்திய உடனே, “இந்த நகர்த்தலால் அவர் பெற விரும்புவது யாது?” என ஒரே ஒரு வினாவை உள்ளத்தில் எழுப்ப வேண்டும். அதன்பின் முற்றுகை, வெட்டு, அச்சுறுத்தல் ஆகிய மூன்றனையும் இவ்வரிசையில் நோக்க வேண்டும்; முதலில் எதிராளிக்கு அவை உளவா, அடுத்துத் தமக்கு உளவா எனக் காண வேண்டும். தொடக்கத்தில் இதற்குப் பத்து நொடி ஆகலாம். பழகியபின் இரண்டு நொடி போதும்.

ரீகா நகரின் மந்திரவாதி

தாக்கி ஆடும் இயல்பை உலகறியச் செய்தவர் மிகையில் தால். லாட்வியாவின் தலைநகராகிய ரீகாவில் 1936ஆம் ஆண்டு பிறந்தவர். ‘ரீகாவின் மந்திரவாதி’ என்பது அவருக்கு வழங்கிய சிறப்புப்பெயர். 1960ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடந்த உலக வாகையர் போட்டியில் மிகையில் போத்வின்னிக்கை 12½–8½ என்னும் புள்ளிக்கணக்கில் வென்றபோது தாலுக்கு வயது இருபத்து மூன்று.

அப்போட்டியின் ஆறாம் ஆட்டத்தில் தால் தம் குதிரையைப் பலியாகத் தந்தார். அரங்கில் எழுந்த ஆரவாரம் அடங்காமையால் ஆட்டத்தை வேறோர் அறைக்கு மாற்ற நேர்ந்தது. போத்வின்னிக் சரியான விடையைக் காணாது தோற்றார். பின்னர் அமைதியாக ஆராய்ந்தவர்கள் அப்பலியீடு முழுதும் பிழையற்றதன்று எனக் கண்டனர். ஆயினும் ஆராய்ச்சி அறையில் கிடைக்கும் விடை வேறு; கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, ஆயிரம் கண்கள் நோக்க, அங்கேயே கண்டாக வேண்டிய விடை வேறு. எதிராளியை விடைகாண அரிய வினாவின் முன் நிறுத்துவதே தாலின் தாக்குதல். நேரம் சுருங்கச் சுருங்க அவ்வினாவின் கடுமை பெருகும். விரைவாட்டத்தில் தாக்கி ஆடுபவர்க்குரிய மெய்யான வலிமை இதுவே.

ஆயின் தாலின் வரலாறு அவ்வெற்றியோடு முடியவில்லை. அடுத்த ஆண்டே நடந்த மறுபோட்டியில் போத்வின்னிக் 13–8 என வென்று பட்டத்தை மீட்டார். தாலின் ஆட்டங்களைத் துருவி ஆராய்ந்து, அவர் விரும்பும் கலவரக் களத்தைத் தராமல், அரசிகளை மாற்றிக்கொண்டு அமைதியான இறுதி ஆட்டங்களுக்கு இட்டுச் சென்றமை அவ்வெற்றிக்கு ஒரு காரணம். சிறுநீரக நோயும் தாலை வருத்திக்கொண்டிருந்தது.

அத்தோல்விக்குப் பின் தால் தாக்குதலைக் கைவிடவில்லை. அதற்குத் துணையாகக் காவலையும் இறுதி ஆட்டத்தையும் வளர்த்துக்கொண்டார். 1972–73இல் தொடர்ந்து 86 ஆட்டங்களிலும், 1973–74இல் தொடர்ந்து 95 ஆட்டங்களிலும் அவர் தோல்வியே காணவில்லை. தோல்வியின்றி 95 ஆட்டம் என்னும் அவ்வருஞ்செயலைச் சீனாவின் டிங் லிரென் 2018ஆம் ஆண்டிலேதான் கடந்தார். பலியீட்டுக்குப் பெயர்பெற்ற ஒருவரே வீழ்த்தற்கரியவராகவும் விளங்கினார் என்பது எண்ணத்தக்கது. 1988இல் கனடாவின் செயின்ட் ஜான் நகரில் நடந்த உலக மின்னல் சதுரங்கப் போட்டியில், காஸ்பரோவும் கார்போவும் ஆடிய களத்தில், ஐம்பத்தொரு வயதுத் தால் வாகை சூடினார்.

வலியும் இடமும் காலமும்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வினைமேற்செல்லும் வேந்தனுக்கு உரைக்கப்பட்ட இம்மூன்றும் சதுரங்கத் தாக்குதலுக்கும் அளவுகோல்களாகும்.

முதலாவது வலி. தாக்குமிடத்தில் தம் காய்கள் எத்தனை, காப்பவர் காய்கள் எத்தனை என எண்ணுதல் வேண்டும். 1858ஆம் ஆண்டு பாரிஸ் இசைநாடக அரங்கில், பிரன்ஸ்விக் கோமகனும் ஒரு பிரபுவும் கலந்துபேசி ஆட, அவர்களை எதிர்த்துப் பால் மார்பி என்னும் அமெரிக்க இளைஞர் ஆடிய ஆட்டம் இதற்குச் சான்று. பதினேழே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. மார்பி ஒரு குதிரையையும் ஒரு யானையையும் இறுதியில் அரசியையும் பலி தந்தார். முடிவில் எதிரி அரசனை வீழ்த்த அவரிடம் எஞ்சியிருந்தவை ஒரு யானையும் ஒரு மந்திரியுமே. எதிரணியிடம் காய்கள் மிகுதியாக இருந்தன. எனினும் அவர்களுடைய ஒரு மந்திரியும் ஒரு யானையும் தொடக்க இடத்தைவிட்டு அசையவே இல்லை. மார்பியின் காய்களோ ஒவ்வொன்றும் வேலை செய்தன. பலகையில் இருக்கும் காய்களின் தொகையன்று, போரிடும் காய்களின் தொகையே வலி என்பதை இந்த ஆட்டம் உணர்த்துகிறது. அரசியை மட்டும் அனுப்பித் தாக்கும் தொடக்கநிலை உத்தி ஏன் தோற்கிறது என்பதற்கும் இதுவே விடை.

இரண்டாவது இடம். எதிரி அரசன் கோட்டை கட்டாமல் நடுவிலேயே நிற்கிறானா, கோட்டைக்கு முன்நிற்கும் சிப்பாய்களுள் ஒன்று நகர்ந்து ஓட்டை விழுந்துள்ளதா, காவற்குதிரை விரட்டப்பட்டுள்ளதா என நோக்குதல் வேண்டும். கோட்டை கட்டிய அரசனின் ஓரச் சிப்பாயை மந்திரியால் வெட்டிப் பலி தந்து, அடுத்துக் குதிரையால் முற்றுகையிட்டு, பின் அரசியைத் துணைக்கழைக்கும் புகழ்பெற்ற தாக்குதல் ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியரான கிரேக்கோவின் குறிப்புகளிலேயே அது காணப்படுகிறது. மந்திரி, குதிரை, அரசி ஆகிய மூன்றும் பாயும் நிலையில் இருந்து, அரசனைக் காக்கும் குதிரை தன் இடத்தில் இல்லையாயின் அது பெரும்பாலும் வெல்லும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மந்திரி வீணாகலாம். இதனை நூறு முறை ஆடியும் இந்நிபந்தனைகளை எண்ணாதவர், சில முறை வெல்வதும் பல முறை தோற்பதும் ஏன் என அறியாமலேயே இருப்பார்.

மூன்றாவது காலம். இதற்கு இரு பொருள் உண்டு. எதிராளியின் படை ஒருங்கு கூடுமுன் தாக்குதல் ஒன்று. அந்நேரம் கடந்தால் வாய்ப்பும் கடந்துவிடும். முதல் உலக வாகையரான வில்ஹெம் ஸ்டைனிட்ஸ், மேம்பட்ட நிலையில் இருப்பவர் தாக்கியே ஆக வேண்டும், இல்லையேல் அம்மேன்மையை இழப்பார் எனக் கற்பித்தார். மேன்மை பெறுமுன் தாக்குவது வீண் என்பதும் அவர் கொள்கையே. மற்றொன்று கடிகாரக் காலம். தொடக்க ஆட்டம் நன்கு பழகியதாக இருந்தால் முதற்பத்து நகர்த்தல்களுக்கு இருபது நொடியே போதும். பலியிடலாமா என்று முடிவெடுக்க வேண்டிய ஒரு கட்டத்தில் பதினைந்து நொடி செலவிடலாம். அரை நிமிடத்திற்குமேல் ஓரிடத்தில் தங்குபவர், சிறந்த நகர்த்தலைக் கண்டும் நேரமின்றித் தோற்பார். ஆகவே விரைவாட்டம் ஆடுபவர் பல தொடக்க முறைகளை அரைகுறையாக அறிவதைவிட, வெள்ளைக்கு ஒன்றும் கறுப்புக்கு இரண்டும் ஆழமாக அறிதல் நன்று.

கண் பழகுதல்

விரைந்து ஆடும் வல்லவர் விரைந்து எண்ணுகிறார் என்பது பலர் கருத்து. ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. நெதர்லாந்து உளவியலறிஞர் அட்ரியன் டி குரூட் 1940களில் தேர்ந்த ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார். அவர்கள் மற்றவரைவிட மிகத் தொலைவு எண்ணிப் பார்க்கவில்லை. நல்ல நகர்த்தல்கள் அவர்கள் கண்ணில் முதலிலேயே பட்டன. 1973இல் அமெரிக்க அறிஞர்களான வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இன்னும் ஒரு படி சென்றனர். மெய்யான ஆட்டம் ஒன்றின் நிலையைச் சில நொடி மட்டும் காட்டி மறைத்தபோது, வல்லவர்கள் காய்களைப் பெரும்பாலும் சரியாக மீண்டும் அடுக்கினர். ஒழுங்கின்றிக் காய்களைக் கலைத்து வைத்துக் காட்டியபோது அவர்களது மேம்பாடு மறைந்துபோயிற்று. அவர்கள் கண்டது தனித்தனிக் காய்களை அன்று, பழகிய உருவங்களை.

சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும், பார்த்த மாத்திரத்தில் தொடரைப் படிப்பவர்க்கும் உள்ள வேறுபாடே இது. எழுத்துக்கூட்டும் நிலையில் வேகத்தை மட்டும் கூட்டினால் பிழையே பெருகும். எனவே விரைவாட்டத்தில் வளர விரும்புபவர் ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் மெதுவாகப் பயில வேண்டும். இரட்டைத் தாக்குதல், கட்டுண்ட காய், பின்வரிசையில் அரசன் அடைபடுதல் முதலிய உருவங்களைப் புதிர்களாகத் தீர்க்க வேண்டும். காயைத் தொடுமுன் முழு விடையையும் உள்ளத்தில் காண வேண்டும். வாரம் ஒன்றோ இரண்டோ நீண்ட ஆட்டம் ஆட வேண்டும். அங்கு விதைத்ததையே மூன்று நிமிடத்தில் அறுவடை செய்ய முடியும்.

சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் அன்னையிடம் ஆட்டம் கற்று, சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் பயின்றார். ரீகாவின் அந்தத் தாலின் பெயரையே அக்கழகம் தாங்கியிருந்தது. இளமையிலேயே அவர் நகர்த்திய வேகம் ‘மின்னல் சிறுவன்’ என்னும் பெயரைத் தேடித் தந்தது. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆயினும் அவரை ஐந்து முறை உலக வாகையராக்கியது வேகத்தோடு கூடிய ஆழமே. 2012இல் போரிஸ் கெல்ஃபாண்டுடன் பன்னிரண்டு நீண்ட ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தபின், பட்டத்தை முடிவுசெய்தவை விரைவாட்டங்கள்; அவற்றில் ஆனந்த் வென்றார். 2017இல் நாற்பத்தெட்டு வயதில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தையும் பெற்றார். வெறும் கைவேகமாயின் அகவை ஏற ஏறக் குறைந்திருக்கும்; கண்பழக்கம் நிலைத்து நின்றது.

தோல்வி தரும் பாடம்

இணையவழி ஆட்டத்தில் ஒரு தனி இடர் உண்டு. தோற்ற நொடியிலேயே அடுத்த ஆட்டத்திற்கான பொத்தான் கண்முன் நிற்கிறது. நேருக்கு நேர் ஆடித் தோற்றவர் காய்களை மீண்டும் அடுக்க வேண்டும். எதிராளியோடு கைகுலுக்க வேண்டும். அதற்குள் சினம் சிறிது தணியும். திரையில் அத்தணிவுக்கு இடமில்லை. இழந்த புள்ளியை உடனே மீட்கும் வெறியில் ஆடுபவர் மேலும் இழக்கிறார். தாக்கி ஆடுபவர்க்கு இது இரட்டிப்புத் தீங்கு; அவருடைய தாக்குதல் அப்போது பலகை கேட்டதன்று, சினம் கேட்டது.

ஆகவே, அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் தோற்றால் அன்றைய ஆட்டத்தை நிறுத்துதல் என்னும் விதியைத் தமக்குத் தாமே வகுத்துக்கொள்வது நலம். நிறுத்தியபின் தோற்ற ஆட்டத்தைத் திறந்து, எந்த நகர்த்தலில் நிலை மாறியது எனத் தாமே தேட வேண்டும். கணினி நிரலின் விடையைப் பார்ப்பது அதற்குப் பின்னரே. நிரல் விடையைத் தரும். தேடும் பழக்கத்தைத் தராது. தேடிக் கண்டதை ஒரு குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதிவைத்தால், ஒரு திங்களில் தம் பிழைகளின் முகம் தெரியும். ‘பலிக்குப் பின் துணைக்காய் வரவில்லை’, ‘பின்வரிசையைக் காக்க மறந்தது’ என ஒன்றிரண்டு வரிகளே மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். அவ்வொன்றிரண்டைத் திருத்தினால் ஆட்டமே ஒரு படி உயரும்.

இறுதி ஆட்டப் பயிற்சியும் இவ்விடத்தில் இன்றியமையாதது. தாக்குதல் எல்லாம் அரசனை வீழ்த்துவதில் முடிவதில்லை. ஒரு சிப்பாய் மிகுதியாகக் கிடைப்பதோடு பல தாக்குதல்கள் ஓய்கின்றன. அச்சிறு மேன்மையை வெற்றியாக்கத் தெரியாதவர், அமைதியான நிலையைக் கண்டு அஞ்சி, வேண்டாத பலியிடுகிறார். இறுதி ஆட்டம் தெரிந்தவர்க்கோ அவ்வச்சம் இல்லை. தாக்குதலை நிறுத்தவும் முடியும் என்னும் உரிமையே அவருடைய தாக்குதலுக்கு வலிமை சேர்க்கிறது.

ஆட்டத்தின் இடையே நிரலின் துணையை மறைவாகத் தேடுவது இணையக் களத்தின் மற்றோர் இழுக்கு. முகம் தெரியாத எதிராளியை ஏமாற்றுவது எளிது. ஆனால் அவ்வாறு பெற்ற புள்ளி எவருடைய திறனை அளக்கிறது? ஏறிய எண் அவருடையதன்று. இழந்த நேர்மை மட்டும் அவருடையது.

எண்ணும் மனிதரும்

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், இணையவழி நடந்த விரைவாட்டம் ஒன்றில் சென்னையைச் சேர்ந்த பதினாறு வயது பிரக்ஞானந்தா, அன்றைய உலக வாகையர் மாக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக்காய்களுடன் ஆடி வென்றார். அதே ஆண்டு மே மாதம் மற்றோர் இணையவழிப் போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்றபோது இந்திய நேரம் நள்ளிரவைக் கடந்திருந்தது. மறுநாள் காலை அவர் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதச் செல்ல வேண்டியிருந்தது. உலகப் போட்டிக்காக ஓரிரவு விழிப்பது வேறு. தரப்புள்ளிக்காக நாள்தோறும் விழிப்பது வேறு. முன்னது ஆண்டுக்கணக்கான பயிற்சியின் அறுவடை. பின்னது பயிற்சியைத் தின்னும் பழக்கம்.

தரப்புள்ளி என்னும் எண், ஒருவர் அண்மையில் ஆடிய ஆட்டங்களின் விளைவை அளக்கிறது. அதற்கு மேல் ஒன்றையும் அளப்பதில்லை. அஞ்சாது பலியிட்டதையும், அழகிய நிலையை உருவாக்கியதையும், தோற்றபின் அமைதியாகத் தன் பிழையைத் தேடியதையும் அது அறியாது. துணிவு என்பது விரைந்து பாய்வது மட்டுமன்று. வலி போதாதபோது பாயாமல் நிற்பதும், காலம் கனிந்தபோது தயங்காமல் பாய்வதும், பாய்ந்து தோற்றால் அத்தோல்வியை நேர்நின்று நோக்குவதும் துணிவே.

1992ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மாஸ்கோவில் ஒரு மின்னல் சதுரங்கப் போட்டி நடந்தது. நோயுற்றிருந்த தால் மருத்துவமனையிலிருந்து வந்து அதில் ஆடினார். அன்று அவரிடம் தோற்றவர்களுள் ஒருவர், உலக வாகையராக இருந்த காரி காஸ்பரோவ். அடுத்த மாதமே தால் மறைந்தார். பட்டமோ புள்ளியோ அவருக்கு அன்று தேவைப்பட்டிருக்காது. எதிரே ஓர் ஆட்டக்காரர், நடுவே ஒரு பலகை, அருகே ஓடும் ஒரு கடிகாரம் ஆகிய மூன்றுமே போதுமானவையாக இருந்தன.